கேமரா நான்கு விரற்கடை திரும்பிய நாள்

மாதம் முப்பது யூரோ.
அதற்கு நான் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:
வாரம் இருமுறை
மீட்புப் படகுக் கொட்டகையின் கூரையேறி
கேமராவின் கண்ணிலிருந்து
உப்பையும் கடற்காக்கையின் எச்சத்தையும்
துடைத்துவிட்டு இறங்குவது.

போர்ஸ் கரெக்கை நான் துடைத்தால்தான்
பாரிஸ் பார்க்கும்.
ரென் நகரத்து அலுவலகங்களில்
கணக்குப் பட்டியல்களுக்குப் பின்னே
ஒரு சிறு சதுரமாய் எங்கள் கடல் திறந்திருக்கும்.
மேலாளர் நடந்துவந்தால் மூடிக்கொள்ளும்.

துடைக்காத வாரம் தொலைபேசி வரும்.
"கடல் மங்கலாக இருக்கிறது, மேடம்."
மங்கலாகத்தான் இருக்கிறது, ஐயா.
இது பிப்ரவரி.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை மாலை
சிப்பிப் பண்ணைச் சேறு காயாத காலணியோடு
துக்துவால் வந்தான்.
"நாளைக்குப் பதினாறு நொடி" என்றான்,
திருட்டுப் பொருளின் விலையைச் சொல்வதுபோல.

எங்கோ நடுக்கடலில் மிதக்கும் மஞ்சள் மிதவை
முந்தைய இரவே சொல்லிவிட்டிருந்தது:
அலைக்கும் அலைக்கும் நடுவே பதினாறு நொடி.
அந்த இடைவெளியில் ஒருவன்
ஒரு பொய்யை யோசித்து, சொல்லி,
நம்பவும் வைத்துவிடலாம்.
காற்று கிழக்கிலிருந்து. தரைக்காற்று.
அலையின் பிடரியை அது பின்னோக்கிச் சீவும்.

"நான்கு விரற்கடை திருப்பு, போதும்.
ஒரே ஒரு நாள்.
காற்று திருப்பியது என்று சொல்லிக்கொள்ளலாம்."

திருப்பினேன்.
இப்போது உலகத்துக்குத் தெரிவது:
வண்டி நிறுத்தம், ஒரு குப்பைத்தொட்டி,
பூட்டிய கழிப்பறை,
நாய்களை அவிழ்க்காதீர் என்ற பலகை.

வியாழன். இன்னும் இருட்டு.
கூரையில் காபியோடு உட்கார்ந்திருந்தேன்.
முதலில் சத்தம்தான் வந்தது,
யாரோ மாடியில் பீரோவை நகர்த்துவதுபோல.
பிறகு வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாய்.
கரும்பாறையின் மூக்கில் தொட்டு
இடப்பக்கமாய் உரிந்துகொண்டே போனது அலை,
அவசரமில்லாமல்,
ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் உரிப்பவரின் பொறுமையோடு.
அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி.
முழங்கால் மடிந்த விதத்திலேயே தெரிந்தது:
எனோரா. இரவுப் பணி முடிந்து
மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

பத்தரைக்கு
ரென் நகரத்து எண்ணோடு முதல் கார்.
பின்னால் இரண்டு. அப்புறம்
எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இறங்கிப் போய்க் கேட்டேன்.
இளஞ்சிவப்புப் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த பையன்
கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான்:
"விடியுமுன்னே, மழைத் தூறலில், பதினொரு வேன்.
அதில் ஒன்றில் கசாப்புக்கடை மெரியாடெக்கின் பெயர்.
வியாழக்கிழமை அவர் கடை திறக்கவில்லையென்றால்
வேறென்ன அர்த்தம்?"

முழுப் பூசணிக்காயை
சோற்றில்கூட அல்ல,
வெறும் தட்டில் மறைத்திருக்கிறோம்.

துக்துவால் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.
ஏதோ நான்தான் வேன்களை ஓட்டிவந்ததுபோல.

அன்று மாலை தொலைபேசி.
லிமோஜிலிருந்து ஒரு பெண்.
கடலுக்கு வெகுதூரம் அந்த ஊர்.
குறை சொல்லத்தான் என்று நினைத்தேன்.
"மூன்று வருஷமாய்த் தினமும் பார்க்கிறேன், மேடம்.
புள்ளிகள்தான் தெரியும். இன்றுதான் முகங்கள் தெரிந்தன.
ஒருத்தி வேனின் பின்படியில் உட்கார்ந்து
குடுவை வெந்நீரைத் தன் பாதங்களில் ஊற்றிக்கொண்டாள்.
பக்கத்தில் ஒரு தடித்த மனிதர்
ரப்பர் உடையிலிருந்து ஒரு காலை உருவ முடியாமல்
ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார்.
அவள் சிரித்தாள். சத்தம் கேட்கவில்லை.
ஆனாலும்..."
அவர் முடிக்கவில்லை.
என் பதிலுக்கும் காத்திருக்கவில்லை.

மறுநாள் ஏறினேன்.
இரண்டு விரற்கடை மட்டும் திருப்பி வைத்தேன்.
பாதி அலை, பாதி வண்டி நிறுத்தம்.
நிறுவனம் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

கடற்காக்கை மட்டும்
அன்று மதியமே வந்து
கடல் இருக்கும் பாதியைச் சரியாகப் பார்த்து
எச்சமிட்டுப் போனது.
செவ்வாய்க்கிழமை துடைத்துக்கொள்ளலாம் என்று
விட்டுவிட்டேன்.